மாருதி 800-க்கு மெதுவான வேகத்தில் இழுவை கூட்டியது

எங்கள் வீட்டு மாருதி 800, 1997 மாடல். கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் பாகம்) வண்டி, நாலு கியர். அறுபது எழுபதில் போகும்போது அதை ஒரு குறை சொல்ல முடியாது. காரைக்குடியில் கிளம்பி திருமயம் தாண்டி புதுக்கோட்டை வரை பாட்டுக் கேட்டுக்கொண்டே போகலாம். ஊருக்குள் வந்ததும்தான் சுயரூபம் தெரியும். ஐந்து விளக்குப் பக்கம் நெரிசலில் இரண்டாவது கியரில் ஊர்ந்தால் உதறும். மூன்றாவது கியரில் இருபதுக்குக் கீழே இறங்கிவிட்டால், ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் ஒரு பெருமூச்சு விட்டுத் தலையை ஆட்டுமே தவிர இழுக்காது. வீட்டுக்குள் ஏற்றுவது அதைவிட மோசம். செட்டிநாட்டு வீடுகளின் அடித்தளம் தெருவைவிட எவ்வளவு உயரம் என்பது பார்த்தவர்களுக்குத் தெரியும். பக்கவாட்டு வாசலில் வண்டி ஏறுவதற்கு ஒரு சிமெண்ட் சரிவு போட்டிருக்கிறோம். அதில் ஏறி முடிப்பதற்குள் கிளட்ச் கருகிய வாடை வளவு (உள்முற்றம்) வரைக்கும் வந்துவிடும்.

இப்படியே பல வருடம் ஓட்டியாயிற்று. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கும் எங்கள் தெருக் குழுவுக்குத் தண்ணீர்க் கேன், மருந்துப் பெட்டி, பாய் எல்லாம் ஏற்றிக்கொண்டு கூடவே வர வண்டி வேண்டும் என்று சித்தப்பா கேட்டபோதுதான் கவலை வந்தது. குன்றக்குடி, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் என்று போகிற வழி. நடப்பவர்கள் சாலையோரம் முழுக்க இருப்பார்கள். பாரம் ஏற்றிய வண்டியை நடை வேகத்தில் ஓட்ட வேண்டும்.

இணையத்திலும் டீக்கடையிலும் கிடைத்த யோசனைகளுக்குக் குறைவில்லை. திறந்த ஏர் ஃபில்டர் போடு, சைலன்சர் குழாயைப் பெரிதாக்கு, ரேஸ் பிளக் மாட்டு என்றார்கள். கழனிவாசல் பக்கம் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் மெக்கானிக் அண்ணனிடம் இந்தப் பட்டியலை ஒப்பித்தேன். "தம்பி, கம்பெனிக்காரன் குடுத்த இழுவையே இப்ப வண்டியில இல்ல. அது எங்க போச்சுன்னு மொதல்ல பாப்போம்" என்றார். வேலை முழுக்க அந்த ஒரு பேச்சின்படிதான் நடந்தது.

கம்பெனி கொடுத்தது எவ்வளவு? 796 சி.சி., மூன்று சிலிண்டர். சிலிண்டர் விட்டம் (போர்) 68.5 மி.மீ., பிஸ்டன் நகரும் தூரம் (ஸ்ட்ரோக்) 72 மி.மீ. உச்ச டார்க் (திருகுவிசை) 59 நியூட்டன் மீட்டர், நிமிடத்துக்கு 2500 சுற்றில். கேட்கச் சின்ன எண்தான். ஆனால் லிட்டருக்கு 74 என்று வருகிறது. ஒரு சிலிண்டருக்கு இரண்டே வால்வு உள்ள அந்தக் காலத்து இன்ஜினுக்கு அது மட்டமில்லை. அந்த 2500 சுற்றில் அது தருவது 15 கிலோவாட்டுக்குச் சற்று மேல், அதாவது சுமார் 21 குதிரைத்திறன். 1200 சுற்றில் 45 நியூட்டன் மீட்டர் கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டால் கையில் இருப்பது ஐந்தரை கிலோவாட் சொச்சம். இந்த இடத்தில் பத்து சதவீதம் ஒழுகினாலும் காலுக்குத் தெரிந்துவிடும். பெரிய இன்ஜினில் இதே ஒழுக்கு இருந்தால் ஓட்டுகிறவர் கவனிக்கவே மாட்டார்.

மூன்று சிலிண்டரின் இயல்பையும் சொல்லிவிட வேண்டும். கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) 240 டிகிரி சுழல்வதற்கு ஒருமுறைதான் ஒரு சிலிண்டர் வெடிக்கிறது. ஒரு பவர் ஸ்ட்ரோக் அதிகபட்சம் 180 டிகிரி. ஆகவே ஒவ்வொரு வெடிப்புக்கும் நடுவில் குறைந்தது 60 டிகிரி யாருமே தள்ளாத இடைவெளி. அதை ஃப்ளைவீல் என்ற கனத்த சக்கரம்தான் நிரப்புகிறது. சுற்று குறையக் குறைய உதறல் கூடுவதன் காரணம் இது. முழுவதும் போகாது, குறைக்கலாம்.

எதையும் தொடுவதற்கு முன் அளந்து வைத்துக்கொண்டோம். இழுவையை அளக்கும் டைனோ இயந்திரமெல்லாம் இந்தப் பக்கம் எங்கே? கானாடுகாத்தான் பக்கம் சமதளமான ஒரு நேர்ச்சாலையில், அதிகாலையில், இரண்டு பேர் உட்கார்ந்து, ஏசியை நிறுத்திவிட்டு, மூன்றாவது கியரில் 20 கி.மீ. வேகத்தில் ஆக்சிலேட்டரை முழுதாக மிதித்து 40 தொட எவ்வளவு நேரம் என்று பார்த்தோம். வேகத்தை ஸ்பீடோமீட்டரில் பார்க்காமல் போன் ஜிபிஎஸ்ஸில் பார்த்தோம். காற்றின் போக்கு கணக்கைக் கெடுக்காமல் இருக்கப் போகும்போதும் வரும்போதும் எடுத்துச் சராசரி போட்டோம். ஒன்பது விநாடி வந்தது. (இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளம் அந்தப் பக்கம்தான் கிடக்கிறது. பார்க்கும்போதெல்லாம் ஆசையாக இருக்கும். ஆனால் சாலையே போதும்.)

ஸ்பீடோமீட்டருக்கும் ஜிபிஎஸ்ஸுக்கும் ஒத்துவராததைப் பார்த்ததும் அண்ணன் டயரைத்தான் பார்த்தார். வண்டிக்கு உரிய அளவு 145/70 ஆர்12. ஓடிக்கொண்டிருந்தது 145/80 ஆர்12, ஆல்டோ டயர். கடையில் எளிதாகக் கிடைப்பது அதுதான் என்று நிறையப் பேர் இதைப் போட்டுவிடுகிறார்கள், பார்க்கவும் கம்பீரமாக இருக்கும். கணக்குப் போட்டால் 70-இன் விட்டம் சுமார் 508 மி.மீ., 80-இன் விட்டம் 537. கிட்டத்தட்ட ஆறு சதவீதம் பெரிது. இன்ஜின் தரும் அதே டார்க் தரையைத் தள்ளும் விசையாக மாறும்போது அதே ஆறு சதவீதம் குறைந்துவிடுகிறது. ஒவ்வொரு கியரும் சற்று நீண்டுவிட்ட மாதிரி. சரியான அளவு டயர் வெளியூரிலிருந்து வர நாளானது. அதற்குள் இன்ஜினைத் திறந்தோம்.

முதலில் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு அழுத்தப்படுகிறது என்பது. இன்ஜின் சூடாக இருக்க வேண்டும், மூன்று பிளக்கையும் கழற்ற வேண்டும், ஆக்சிலேட்டரை ஒருவர் கடைசி வரை மிதித்துப் பிடிக்க வேண்டும், பேட்டரி தெம்பாக இருக்க வேண்டும். ஆக்சிலேட்டரை மிதிக்காமல் அளந்தால் காற்றே உள்ளே போகாமல் பொய் எண்தான் வரும். எங்களுக்கு வந்தது 125, 125, 115 பிஎஸ்ஐ. மூன்றாவதில் கொஞ்சம் எண்ணெய் விட்டு அளந்தும் ஏறவில்லை. ரிங் தேய்ந்திருந்தால் எண்ணெய் அடைத்து எண் ஏறியிருக்கும். ஆக ரிங்கில் குற்றமில்லை. மூன்றாவதில் வால்வு சந்தேகம், அது தனி. மூன்றுமே சேர்ந்து குறைவாக இருப்பதுதான் யோசிக்க வைத்தது. தேய்மானம் எல்லா சிலிண்டரையும் இவ்வளவு சமமாகப் பிடிப்பது அபூர்வம்.

அண்ணன் பானெட்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, பிளக்குகளுக்கு ஸ்பார்க்கைப் பங்கிடும் டிஸ்ட்ரிப்யூட்டரைக் காட்டினார். அதைத் திருப்பி ஸ்பார்க் வரும் நேரத்தை (டைமிங்) வைப்பதற்கு ஒரு நீளத் துளை உண்டு. போல்ட் சாதாரணமாக நடுவாக்கில் எங்கோ இருக்கும். எங்கள் வண்டியில் அட்வான்ஸ் (ஸ்பார்க்கை முந்த வைக்கும்) பக்கம் ஓரம் வரை தள்ளி இறுக்கியிருந்தது. இனித் திருப்ப இடமில்லை. "யாரோ எதையோ சமாளிச்சிருக்கான்" என்றார்.

இந்த இன்ஜினில் டிஸ்ட்ரிப்யூட்டரைச் சுழற்றுவது, வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்ட். கேம் பின்தங்கினால் ஸ்பார்க்கும் சேர்ந்து பின்தங்கும். கிராங்க்கையும் கேமையும் இணைக்கும் பெல்ட்டின் கவரைக் கழற்றி, கிராங்க் புல்லியை அடையாளத்துக்குக் கொண்டுவந்து நிறுத்திப் பார்த்தால், கேம் பல்சக்கரத்தின் குறி ஒரு பல் பின்னால் நிற்கிறது. முன்பு எப்போதோ வேறொரு இடத்தில் பெல்ட் மாற்றியபோது நடந்தது. வண்டி இழுக்காததைப் பார்த்துவிட்டு ஸ்பார்க்கை மட்டும் டிஸ்ட்ரிப்யூட்டரைத் திருப்பிச் சரிக்கட்டி அனுப்பிவிட்டார்கள். ஸ்பார்க் சரியாயிற்று, வால்வு நேரம் அப்படியே நின்றுவிட்டது.

இது மெதுவான வேகத்தை மட்டும் ஏன் கெடுக்கிறது? இன்டேக் வால்வு எந்த இன்ஜினிலும் பிஸ்டன் அடிமட்டத்தைத் தொட்ட பிறகும் கொஞ்ச நேரம் திறந்தே இருக்கும். வேகமாகச் சுற்றும்போது உள்ளே பாய்ந்து வரும் காற்றுக்கு ஓர் உந்தம் உண்டு. பிஸ்டன் மேலே திரும்பிய பிறகும் அது நிற்காமல் நிரம்பிக்கொண்டே இருக்கும். ஆகவே தாமதமாக மூடுவது அங்கே லாபம். 1200 சுற்றில் அந்த உந்தம் இல்லை. மேலே வரும் பிஸ்டன், உள்ளே வந்த காற்றையும் பெட்ரோலையும் வந்த வழியே திருப்பி அனுப்பிவிடும். சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைப்பதற்குள் பாதி அழுத்திவிட்ட கதை. அடைந்த காற்று குறைந்தால் கம்ப்ரஷனும் குறையும், டார்க்கும் குறையும். வண்டி எழுபதில் சொகுசாக ஓடியதும் இருபதில் செத்ததும் ஒரே காரணத்தால்.

புது பெல்ட், புது டென்ஷனர் போட்டுக் குறிகளை நேராக்கினோம். டென்ஷனரை இறுக்கியதும் ஸ்பேனரால் கிராங்க்கைக் கையாலேயே இரண்டு முழுச் சுற்று சுழற்றி, குறிகள் மறுபடி நேராக வருகின்றனவா என்று பார்ப்பது கட்டாயம். தளர்வு முழுக்க ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தால் அப்போதுதான் தெரியும். வழியில் எங்காவது முட்டுவது போலத் தோன்றினால் அங்கேயே நிறுத்த வேண்டும். பழைய பெல்ட்டைக் கழற்றும் முன்னும் புதியதை மாட்டிய பின்னும் குறிகளைப் போனில் படம் எடுத்து வைத்தேன். அடுத்த தடவை யார் கையில் போனாலும் காட்டலாம்.

மூன்றாவது சிலிண்டருக்கு ஹெட்டை (சிலிண்டர்களின் மேல்மூடி) இறக்க வேண்டியதாயிற்று. அதன் எக்ஸாஸ்ட் வால்வில் ஃபீலர் கேஜின் மெல்லிய தகடுகூட நுழையவில்லை. வால்வு இடைவெளி ஓட ஓடக் கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். இந்த மாதிரி ஹெட்டில் வால்வு தன் இருக்கைக்குள் தேய்ந்து இறங்க இறங்க, தண்டு, அதை அழுத்தும் ராக்கரை நோக்கி மேலே வரும், இடைவெளி குறையும். கடைசியில் வால்வு முழுதாக மூடவே மூடாது. சத்தமே வராமல் கம்ப்ரஷன் ஒழுகிக்கொண்டிருக்கும், வால்வு விளிம்பும் கருகும். டக்கு டக்கு என்று சத்தம் போடும் வால்வைவிட இந்த அமைதியான வால்வுதான் எனக்கு இப்போது பயம். நல்லவேளை, கருகல் ஆழமில்லை. லேப்பிங் பேஸ்ட் போட்டு எல்லா வால்வையும் தேய்த்து, பெட்ரோல் ஊற்றிக் கசிகிறதா என்று பார்த்து, கையேட்டில் சொன்ன அளவுக்கு இடைவெளி வைத்தோம்.

ஹெட் கையில் இருக்கும்போது "இன்னும் அரை மில்லிமீட்டர் சீவிவிட்டால் கம்ப்ரஷன் ஏறும்" என்று லேத்தில் ஒருவர் ஆசை காட்டினார். நேர்சட்டம் வைத்துப் பார்த்ததில் ஹெட் வளையவில்லை, அதனால் சீவவில்லை. சீவினால் கம்ப்ரஷன் ஏறும் என்பது உண்மைதான். ஆனால் கேம் மேலே இருக்கும் இன்ஜினில் ஹெட் கீழே இறங்கும்போது கேமுக்கும் கிராங்க்குக்கும் உள்ள தூரம் குறைகிறது. பெல்ட்டின் இழுபக்கம் அந்த அளவுக்குத் தளர்ந்து, கேம் மறுபடி கொஞ்சம் பின்தங்கும். இவ்வளவு பாடுபட்டுச் சரிசெய்ததைப் பாதி திருப்பிக் கொடுப்பானேன்?

எல்லாம் மாட்டி அளந்தபோது கம்ப்ரஷன் 150-ஐ ஒட்டி மூன்றிலும் வந்தது. டிஸ்ட்ரிப்யூட்டர் போல்ட்டும் துளையின் நடுவுக்கு வந்து உட்கார்ந்தது. வேக்குவம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு டைமிங் லைட்டில் குறியை வைத்தோம்.

அப்படியே, இன்ஜினின் உறிஞ்சலைக் கொண்டு ஸ்பார்க் நேரத்தை மாற்றும் வேக்குவம் டயாஃப்ரத்தையும் (ரப்பர் சவ்வு) பார்த்தோம். குழாய் நுனியை வாயில் வைத்து உறிஞ்சி நாக்கால் அடைத்தால், நல்ல டயாஃப்ரம் நாக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கும். எங்களுடையது விட்டுவிட்டது. ரப்பர் கிழிசல். ஆக்சிலேட்டரை முழுதாக மிதிக்கும்போது வேக்குவமே இருக்காது, அதனால் மேட்டில் ஏற இது உதவாது. ஆனால் லேசாக மிதித்துச் சீராக ஊர்ந்து போகும்போது ஸ்பார்க்கை முன்கூட்டி வைப்பது இதுதான். பாதயாத்திரைக்குப் பின்னால் போகிற வண்டிக்கு வேண்டியதே அதுதானே. மாற்றினோம். உள்ளே அட்வான்ஸ் எடைகளில் கிரீஸ் காய்ந்து ஒன்று சிக்கியிருந்ததையும் கழுவிவிட்டோம்.

அப்புறம் கார்புரேட்டர். பிளக் நுனி மூன்றும் சுண்ணாம்பு வெள்ளையாக இருந்தன. பெட்ரோல் பத்தவில்லை, காற்று கூடுதல். காரணம் இரண்டு. ஒன்று, கார்புரேட்டருக்கு அடியில் உள்ள தடித்த கேஸ்கெட் விரிந்திருந்தது. ஐடிலில் ஓடும்போது அதன் ஓரம் கார்ப் கிளீனர் அடித்தால் சுற்று சட்டென்று மாறியது. அங்கேதான் திருட்டுக் காற்று புகுந்துகொண்டிருந்தது.

இன்னொன்று, இப்போது பங்கில் வரும் பெட்ரோல். அதில் 20 சதவீதம் எத்தனால். ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆக்சிஜனே இருப்பதால் அதற்கு 9 கிலோ போதும். கலவைக்கு 13.5 வாக்கில் வரும். புது வண்டிகளில் எக்ஸாஸ்ட் குழாயில் உள்ள ஆக்சிஜன் சென்சார் இதை மோப்பம் பிடித்துப் பெட்ரோலைக் கூட்டிக்கொள்ளும். 1997-இல் துளை போட்ட, பெட்ரோலை அளந்துவிடும் பித்தளை ஜெட்டுக்கு அது எப்படித் தெரியும்? பழைய அளவிலேயே விட்டுக்கொண்டிருக்கும். கலவை எட்டு சதவீதம் அளவுக்கு வறண்டுவிடும். வறண்ட கலவை மெதுவாக எரியும். குறைந்த சுற்றில் அது உதறலாக வெளிப்படும்.

செக்காலை ரோட்டு ஸ்பேர் கடைக்காரர் பழைய கார்புரேட்டர்களிலிருந்து கழற்றிய ஜெட்டுகளை ஒரு டப்பாவில் வைத்திருக்கிறார். அதில் ஒரு அளவு பெரிய மெயின் ஜெட் கிடைத்தது. ஊசி விட்டுத் துளையைப் பெரிதாக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. அண்ணன் அதை விடமாட்டார். துளையின் விட்டம் நாலு சதவீதம் கூடினாலே பரப்பு எட்டு சதவீதம் கூடிவிடும், ஊசிக்கு அந்த நிதானம் கிடையாது. ஐடில் ஜெட்டைக் கழுவி, மிதவை மட்டத்தைச் சரிபார்த்து, மிக்சர் ஸ்க்ரூவைச் சுற்று உச்சத்துக்கு ஏறும் இடத்தில் வைத்தோம். கொஞ்ச நாள் ஓட்டிவிட்டுப் பிளக்கைப் பார்த்தபோது இளம் பழுப்புக்கு வந்திருந்தது. எத்தனாலில் ஒரு நன்மையும் உண்டு: ஆக்டேன் அதிகம், அதனால் நாக்கிங் (கலவை தானாக வெடித்துத் தட்டும் சத்தம்) எளிதில் வராது. டைமிங்கைக் குறியிலிருந்து ஓரிரு டிகிரி முன்னே தள்ளி, வீட்டுச் சரிவில் பாரத்தோடு ஏற்றிப் பார்த்தோம். சத்தம் வரவில்லை, அப்படியே விட்டோம். பெட்ரோல் ரப்பர் குழாய்கள் ஊறிப் போயிருந்தன. அவற்றை இந்தக் கலவையைத் தாங்கும் குழாய்களாக மாற்றியாயிற்று.

ஏர் ஃபில்டர் மூக்கில் கோடைக்கும் குளிருக்கும் மாற்றிவைக்க ஒரு சின்ன நெம்பு இருக்கிறது. குளிர்ப் பக்கம் வைத்தால் எக்ஸாஸ்ட்டுக்கு மேலிருந்து சூடான காற்றை எடுக்கும். எங்கள் வண்டியில் அது பல காலமாகக் குளிர்ப் பக்கமே துருப்பிடித்து நின்றது. மார்கழி இரண்டு வாரத்தைத் தவிர செட்டிநாட்டில் குளிர் ஏது? காற்று 38 டிகிரியிலிருந்து 60-க்குச் சூடானால் அடர்த்தி ஆறரை சதவீதம் குறையும். செலவில்லாமல் கிடைத்த இழுவை இது. திறந்த ஃபில்டர் போட்டால் பானெட்டுக்குள் கொதிக்கும் காற்றைத்தான் உறிஞ்சும் என்பதால் அதைத் தொடவே இல்லை. பெரிய சைலன்சர் குழாயும் அப்படித்தான்: சத்தம் கூடும், மேல் சுற்றில் ஏதோ கொஞ்சம் கிடைக்கலாம், 1500-க்குக் கீழே ஒன்றும் கிடைக்காது.

அதே சாலை, அதே அதிகாலை, அதே இரண்டு பேர். டயர் மாற்றுவதற்கு முன் ஏழு விநாடி. சரியான டயர் வந்த பிறகு ஆறரையை ஒட்டி. வீட்டுச் சரிவில் முதல் கியரில் கிளட்சை விட்டபின் ஆக்சிலேட்டரை லேசாகத் தொட்டால் போதும், ஏறிவிடுகிறது. உதறல் 1300 சுற்றில் தொடங்கியது இப்போது ஆயிரத்தை நெருங்கும்போதுதான் தொடங்குகிறது. மைலேஜும் கொஞ்சம் கூடியிருக்கிறது. ஜெட் பெரிதாக்கியும் எப்படி என்று சித்தப்பா கேட்டார். முன்பு வண்டி இழுக்காமல் முழு மிதியில் எரித்த பெட்ரோல் இப்போது மிச்சம், அவ்வளவுதான்.

நடை வேகத்துக்கு வருவோம். முதல் கியரில் கிளட்ச் முழுதாக விட்டு, ஆக்சிலேட்டரில் கால் வைக்காமல் ஐடிலில் விட்டால் வண்டி ஐந்தரை கி.மீ. வேகத்தில் போகிறது. முன்பு இதில் நின்றுவிடும். இப்போது நாலு தண்ணீர்க் கேனோடு நிற்காமல் ஊர்கிறது. ஆனால் நடக்கிறவர்கள் நாலு, நாலரையில்தான் போவார்கள். அதற்கு ஈடாகக் கிளட்சை அரைகுறையாக மிதித்துக்கொண்டே போனால் நத்தம் வருவதற்குள் கிளட்ச் பிளேட் காலி. ஆகவே ஒட்டியே போகாமல் அரை கிலோமீட்டர் முன்னால் போய் நிழலில் நிறுத்தி, ஆட்கள் கடந்ததும் மறுபடி முன்னால் போவது என்று பேசி வைத்திருக்கிறோம். ஊரும்போது ரேடியேட்டருக்கு எதிர்க்காற்று கிடையாது, முழுக்க மின்விசிறியை நம்பித்தான். அதன் சுவிட்ச் சூடேறியதும் தானாகப் போடுகிறதா என்று நிறுத்திவைத்துப் பார்த்தாயிற்று, போடுகிறது. இன்ஜின் மவுண்ட் ரப்பர் ஒன்று மட்டும் வெடித்திருக்கிறது. ஐடிலில் கியர் கம்பி இன்னும் ஆடுவது அதனால்தான். புது ரப்பருக்குச் சொல்லியிருக்கிறது, வந்ததும் மாற்ற வேண்டும்.